திரையில் போட்ட விலையும் படலைக்கு வந்த விலையும்: ஒன்லைனில் புதிதாக வாங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது ஒன்லைனில் ஒரு சாமானாவது வாங்காத வீடு குறைவு. டராஸ், இக்மன், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வட்ஸ்அப் குழு, டிக்டொக் லைவ் என்று வழிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஓடர் எப்படிப் போடுவது என்று பிள்ளைகள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே போட்டிருக்கிற விலையை எப்படி வாசிப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. காசு போவது அந்த இடத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இதைப் படலை விலை என்று சொல்வேன். நீங்கள் கேட்ட அதே சாமான், அதே அளவில், உங்கள் வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்த பிறகு உங்கள் கையிலிருந்து மொத்தமாக எவ்வளவு போயிருக்கிறதோ அதுதான் அதன் விலை. திரையில் பெரிய எழுத்தில் தெரிவது உங்களை உள்ளே கூப்பிடப் போட்ட எண். இரண்டு கடைகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இந்த விலையை மட்டும் ஒப்பிடுங்கள். அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் கீழே உள்ளதெல்லாம்.

1. தேடியவுடன் வரும் பட்டியலில் உள்ள விலையை நம்ப வேண்டாம்

‘பிரஷர் குக்கர்’ என்று தேடுகிறீர்கள். பளபளவென்று ஒரு குக்கரின் படம், கீழே ரூபா 450. பக்கத்தில் இருப்பதெல்லாம் ஐயாயிரம், ஆறாயிரம். கை தானாக அந்த 450இல்தான் போகும். உள்ளே போய்ப் பார்த்தால் தெரிவு செய்யச் சொல்லி மூன்று கட்டங்கள் இருக்கும்: 5 லீற்றர் ரூபா 7,400, 3 லீற்றர் ரூபா 5,900, கடைசியில் ‘வாஷர்’ என்று சின்னதாக எழுதி ரூபா 450. மூடிக்குள் போடுகிற அந்த ரப்பர் வளையம்தான் 450. ஒரே பக்கத்தில் பல தெரிவுகள் இருக்கும்போது பட்டியலில் பெரும்பாலும் ஆகக் குறைந்த விலைதான் தெரியும். அது தெரிந்துதான் குக்கரோடு வாஷரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் அயலில் ஒரு அம்மாவுக்கு இது நடந்தது. கூரியர்ப் பொடியன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படலையில் நின்று சாம்பல் நிறப் பை ஒன்றை நீட்டினான், உள்ளங்கை அளவு கூட இல்லை. 450ஓடு டெலிவரிக் காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குக்கர் பின்னால் வேறு பெட்டியில் வருகிறதா என்று அவனிடமே கேட்டார். அவனுக்கு என்ன தெரியும், பாவம். ஓடர் விபரத்தில் ‘வாஷர்’ என்று சரியாகத்தான் இருந்தது, அதனால் விற்றவரோடு வாதாடவும் முடியவில்லை. பிழை விற்றவருடையதுதான், ஆனால் எழுத்தில் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளத் தெரிந்த பிழை.

ஆகவே பக்கத்தைத் திறந்தவுடன் முதல் வேலை, உங்களுக்கு வேண்டிய தெரிவைத் தொட்டு விலை எங்கே போகிறது என்று பார்ப்பது. தொட்டவுடன் படம் மாறுகிறதா என்றும் பாருங்கள், மாறிய படத்தில் இருப்பதுதான் உங்களுக்கு வரும். ‘ரூபா இத்தனை முதல்’ என்றோ, இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு கோடோ இருந்தால் முதல் எண்ணை மறந்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இதில் இருக்கிறது. நட்சத்திரங்களும் ‘இத்தனை விற்றது’ என்கிற கணக்கும் பெரும்பாலும் முழுப் பக்கத்துக்கும் சேர்த்து வருவன. ஆயிரம் வாஷர் விற்றிருந்தாலும் ஆயிரம் குக்கர் விற்றதுபோல் தெரியும். பின்னூட்டங்களை வாசிக்கும்போது எழுதியவர் எந்தத் தெரிவை வாங்கினார் என்பது சின்ன எழுத்தில் இருக்கும், உங்களுடைய தெரிவை வாங்கியவர்கள் போட்ட படங்களை மட்டும் தேடிப் பாருங்கள்.

2. வெட்டிப்போட்ட விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள்

ரூபா 9,999 என்று எழுதி நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் 2,499, ‘75% கழிவு’. அந்த 9,999ஐ யார் எழுதியது? விற்பவர்தான். அந்த விலைக்கு யாராவது ஒருவர் எப்போதாவது வாங்கினாரா என்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு விதி இருக்கிறது: விலை குறைத்திருக்கிறேன் என்று அறிவிக்கிற கடை, பழைய விலையாக அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் விற்ற ஆகக் குறைந்த விலையைத்தான் காட்ட வேண்டும். பாரிசிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரர்கள் அங்கே பார்க்கிற வெட்டிய விலைக்கும் நாம் இங்கே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், அதனால் ‘அங்கேயும் அப்படித்தானே போடுகிறார்கள்’ என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 30 நாள் சோதனையை நீங்களே செய்யலாம். 11.11, 12.12, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்று சேல் வரப்போகிற நாட்கள் முன்கூட்டியே தெரியும். வாங்க நினைத்திருக்கிற சாமானின் பக்கத்தை ஒரு மாதத்துக்கு முன்பே திறந்து, விலை தெரியும்படி ஒரு ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள், பிறகு கிழமைக்கு ஒன்று எடுத்தால் போதும். சேல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு விலையை ஏற்றிவிட்டு, சேல் அன்று பழைய இடத்துக்கே கொண்டுவந்து ‘அரைவிலை’ என்று போடுகிறவர்களை இந்த நான்கு படங்களே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையாகவே குறைத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள்.

அவசரம் என்றால் அதே சாமானின் படத்தை வைத்துத் தேடுங்கள். ஒரே படம், ஒரே சாமான், பத்துக் கடைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ‘பழைய விலை’ என்று வரும். அப்போதே விளங்கிவிடும். பால்மா, சவர்க்காரம், பற்பசை போன்ற பொதிகளில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் விற்பது இலங்கையில் குற்றம், ஒன்லைன் என்பதற்காக அது மாறாது. பக்கத்துக் கடையில் போய்ப் பொதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தால் ‘கழிவு விலை’ என்று போட்டிருப்பது அச்சிட்ட விலைதானா என்பது தெரிந்துவிடும்.

3. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு நில்லுங்கள்

கட்டணம் செலுத்தும் பக்கம் வரை போவதால் காசு எதுவும் போகாது. கடைசி பட்டனை அழுத்தாதவரை எதுவும் நடக்காது, புதியவர்களுக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது, அது தேவையில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் டெலிவரி, பொதி செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். விலாசத்தைக் கட்டாயம் யாழ்ப்பாணம் என்று போட்டுப் பாருங்கள். கொழும்புக்கு இலவசம் என்பது இங்கேயும் இலவசம் என்றாகாது, பாரமான சாமான் என்றால் கூரியர்க் காசு இன்னும் ஏறும்.

ஒரு கணக்கு. மின்விசிறி ஒன்று, ஒரு கடையில் ரூபா 6,490, டெலிவரி 690. இன்னொரு கடையில் 6,990, டெலிவரி இலவசம். பட்டியலில் முதலாவதுதான் 500 ரூபா மலிவு. படலையில் முதலாவது 7,180, இரண்டாவது 6,990. இதே மின்விசிறி யாழ் நகரில் ஸ்ரான்லி வீதிக் கடை ஒன்றில் 7,200 என்றால் நான் அங்கேதான் வாங்குவேன், ஏனென்றால் கடையிலேயே சுற்றவிட்டுப் பார்க்கலாம், பழுதென்றால் அடுத்த நாளே தூக்கிக்கொண்டு போகலாம், அந்த வசதிக்கு 210 ரூபா பெரிய காசில்லை.

கழிவு வவுச்சர்களில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு குறையும். ‘20% கழிவு, உச்சம் ரூபா 200’ என்றால் ஐயாயிரத்துக்கு வாங்குகிறவருக்குக் கிடைப்பது 4% மட்டும்தான். வவுச்சர் வேலை செய்யட்டும் என்று தேவையில்லாத சாமான் ஒன்றைக் கூடையில் போட்டால் கழிவு முழுவதும் அதற்கே போய்விடும். கூடையில் நீங்கள் போடாத ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், காப்புறுதி, நன்கொடை, நீடித்த வொறண்டி என்று சரி போட்ட கட்டங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்தியாவில் 2023 நவம்பர் 30ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலில் இப்படி ஒளித்துச் செய்கிற 13 உத்திகளைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதும், கேட்காததைக் கூடைக்குள் போடுவதும், ‘இன்னும் இரண்டுதான் இருக்கிறது’ என்று பொய் அவசரம் காட்டுவதும் அதற்குள் வருகின்றன.

அந்த அவசரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடுகிற கடிகாரத்தைக் கண்டால் பக்கத்தை மூடிவிட்டு நாளைக்குத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் கடிகாரம் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

வங்கி அட்டையால் கட்டினால் 3% கூட என்று கேட்கும் சிறிய கடைகளும் பக்கங்களும் இருக்கின்றன. அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது என்று இலங்கை மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. கேட்டால் உங்களுக்கு அட்டை தந்த வங்கிக்குப் பற்றுச்சீட்டோடு அறிவியுங்கள்.

4. எத்தனை, எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்

பெரிய பொதி மலிவு என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அந்த நினைப்பை வைத்தே விற்கிறார்கள். குழந்தைக்குப் பம்பர்ஸ் வாங்குகிறீர்கள். 24 உள்ள பொதி ரூபா 1,680, 58 உள்ள ‘சேமிப்புப் பொதி’ 4,350. போனிலேயே வகுத்துப் பாருங்கள்: சின்னதில் ஒன்று 70 ரூபா, பெரியதில் 75. சின்னதை இரண்டு தடவை வாங்கினாலே லாபம். எண்ணெய், சலவைத்தூள், ஷாம்பு எல்லாவற்றுக்கும் இப்படித்தான், 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலீற்றருக்கு எவ்வளவு என்று பாருங்கள். திரைச்சீலை சோடியா ஒன்றா, வயர் அடிக் கணக்கா மீற்றர்க் கணக்கா என்பதையும் விபரத்துக்குள் போய் வாசியுங்கள், படத்தில் இரண்டு தொங்கும், வருவது ஒன்றாக இருக்கும்.

5. காணி, வாகனம், அறை: இங்கே ஏமாந்தால் பெரிய காசு

இக்மன், பேஸ்புக் போன்ற இடங்களில் வரும் விளம்பரங்களில் விலைக் கட்டத்தில் எதையும் எழுதலாம். ரூபா 1, ரூபா 1,234 என்று இருந்தால் அது விலையைச் சொல்ல விரும்பாதவர் போட்ட எண். ‘விலை இன்பொக்ஸில்’ என்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. ஆளைப் பார்த்து, வெளிநாட்டுக் காசா என்று பார்த்து விலை சொல்ல வசதியாகத்தான் அது அப்படி இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் அண்ணா கேட்டால் ஒரு விலை, இங்கிருக்கும் தம்பி கேட்டால் ஒரு விலை. சோதித்துப் பார்க்க விரும்பினால் இரண்டு பேரும் ஒரே நாளில் கேளுங்கள்.

காணி விளம்பரத்தில் தலைப்பில் உள்ள தொகை எதற்கு என்று கேட்காமல் மேலே பேசாதீர்கள். ‘திருநெல்வேலியில் காணி, 12 இலட்சம்’ என்று போட்டிருப்பார்கள், அது ஒரு பரப்புக்கா, ஒரு பேர்ச்சுக்கா, முழுக் காணிக்கா? நாங்கள் பரப்பில் யோசிக்கிறோம், தளங்களோ தெற்கில் உள்ளவர்களுக்காகப் பேர்ச்சில் கேட்கின்றன. ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். பரப்பு 12 இலட்சம் என்றால் நான்கு பரப்புக் காணி 48 இலட்சம். அதே 12 இலட்சம் ஒரு பேர்ச்சுக்கு என்றால் ஒரு பரப்பே ஒரு கோடியே 20 இலட்சம் ஆகிவிடும். அதன் பிறகு தரகர் காசு, உறுதி எழுதும் செலவு, முத்திரைத் தீர்வை எல்லாம் தனி, அதையும் சேர்த்துத்தான் உங்கள் விலை.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் விளம்பரங்களில் இன்னொரு வழக்கம். ‘ஒன்றரை இலட்சம் மட்டும்’ என்று போட்டுவிட்டு, கீழே ‘லீசிங் மீதி கட்ட வேண்டும்’ என்று எழுதியிருப்பார்கள், சிலர் அதையும் எழுதுவதில்லை, போன் எடுத்தால்தான் சொல்வார்கள். மாதம் 14,500, இன்னும் 24 மாதம் என்றால் மீதி மட்டும் 3,48,000. ஆக அந்த வண்டி உங்களுக்கு 4,98,000. இதில் விலையைத் தாண்டி இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, லீசிங் முடியும் வரை வண்டி அந்தக் கம்பனிக்குரியது, விற்பவர் தன் பாட்டில் உங்களிடம் கையளிக்க முடியாது. கம்பனிக்கு இரண்டு பேரும் நேரே போய், மீதி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை அங்கேயே பேசி முடிக்காமல் ஒரு ரூபா முற்பணமும் கொடுக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை தேடும் பிள்ளைகள் இதைக் கேளுங்கள்: போட்டிருக்கிற வாடகை அறைக்கா, ஆளுக்கா? கரண்டும் தண்ணீரும் அதற்குள்ளா? முற்பணம் எத்தனை மாதம், போகும்போது திரும்புமா? பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

6. போன் வாங்கும்போது மட்டும் செய்ய வேண்டியது

ஒரே போன், ஒரு பக்கத்தில் 95,000, மற்றதில் 78,000. அந்த 17,000 எங்கே குறைந்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் மூன்று இடத்தில் ஒன்று. வொறண்டி: கம்பனி வொறண்டியா, கடை வொறண்டியா, அல்லது ஒரு கிழமை ‘செக்கிங்’ வொறண்டியா. நிலை: புதியதா, திருத்திப் பெட்டியில் போட்டதா. மூன்றாவது, பதிவு: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதியாத போன் மலிவாக வரும், ஆனால் பின்னால் வலையமைப்பில் வேலை செய்வதில் பிரச்சினை வரலாம். சோதிக்கிற வழி சுலபம். விற்பவரிடம் *#06# அழுத்தி வரும், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணைக் கேளுங்கள், மெசேஜில் ஐஎம்ஈஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணையும் அடித்து 1909க்கு அனுப்புங்கள், பதில் வரும். எண்ணைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

‘16 ஜிபி ரேம்’ என்று தலைப்பில் போட்டு உள்ளே 8+8 என்று இருந்தால் உண்மையான ரேம் 8தான், மற்ற 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்குவது. அதை 8 ஜிபி போன்களின் விலையோடு ஒப்பிடுங்கள்.

7. வெளிநாட்டுத் தளங்கள்

விலைக்குள் இறக்குமதி வரியும் கையாளும் கட்டணமும் அடங்குமா என்பதைக் கட்டுவதற்கு முன் பாருங்கள், எழுதியிருக்காவிட்டால் அடங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டொலரில் கட்டும்போது வங்கி தன் மாற்று விகிதத்தில் கழிக்கும், அதன் மேல் கட்டணமும் இருக்கும். ஈபேயில் தபால் செலவையும் சேர்த்து மலிவு முதல் அடுக்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டவுடன் பட்டியல் தலைகீழாக மாறுவதைப் பார்ப்பீர்கள்: ஒரு டொலர் கேபிளுக்குப் பன்னிரண்டு டொலர் தபால் போட்டவர்கள் எல்லாம் கீழே இறங்கிவிடுவார்கள்.

8. பேய்க்காட்டிவிட்டார்கள் என்றால்

சாமான் வந்தவுடன் பெட்டியை வெட்டுவதிலிருந்து வீடியோ எடுங்கள், விலாசச் சீட்டு தெரிய வேண்டும். சாமான் படலைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையில் பல கூரியர்கள் திறந்து பார்க்க விடமாட்டார்கள், அதனால் இந்த வீடியோதான் உங்கள் கையில் உள்ள ஆதாரம். விளம்பரப் பக்கத்தையும் உடனே ஸ்கிரீன்சொட் எடுங்கள், நீங்கள் முறையிட்டதும் பலர் விலையையோ படத்தையோ மாற்றிவிடுவார்கள். தளத்தில் திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் தளத்தின் ஊடாகவே முறையிடுங்கள். விற்பவர் ‘வட்ஸ்அப்பில் வாங்கோ, பேசித் தீர்ப்பம்’ என்று கூப்பிட்டால் போக வேண்டாம், அந்த நாட்கள் கடக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியது.

தளத்தில் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் வியாபாரி ஈடுபடக் கூடாது என்கிறது. 1977க்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், அதுவும் வாங்கிய திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள். பேஸ்புக்கில் கோபமாகப் பதிவு போட்டுவிட்டு அந்த மூன்று மாதத்தைக் கடக்க விட்டவர்கள் நிறையப் பேர்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. விற்றவரின் பெயரும் பக்கத்தின் முகவரியும், ஓடர் இலக்கம், வாங்கிய திகதி, விளம்பரத்தில் சொன்ன விலை, உங்களிடம் வாங்கிய விலை, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நான்கு வரி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது (காசு திரும்பவா, சாமான் மாற்றவா), பிறகு ஸ்கிரீன்சொட், பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை, ஆகவே வாங்கும்போதே கேட்டு வைத்திருங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தரும் துண்டை அந்தப் பிரதிகளோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.